வசை வாய்மையாகுமா?

அரபு இலக்கிய வகுப்பில் ஒரு நாள் ‘ஹிஜா’ எனப்படும் வசைக்கவிதை பற்றிய பாடம். உமைய்யாக்கள் காலத்துக் கவிஞர்கள் ஒருவரையொருவர் இழித்துப் பாடிய செய்திகளைச் சொல்லி முடித்தபோது இறுதியாண்டு மாணவர் ஒருவர் எழுந்தார். “ஹஜ்ரத், இந்தக் காலத்து அரசியல்வாதிகளும் மேடையில் இப்படித்தானே பேசுகிறார்கள்? கேட்கக் கூசுகிறது என்பது உண்மைதான். ஆனாலும் மனத்தில் உள்ளதை மறைக்காமல் பேசுகிறார்கள். இனிக்க இனிக்கப் பேசியவர்கள்தாமே நம்மை ஏமாற்றினார்கள்?” என்றார். வகுப்பில் பாதிப் பேர் தலையசைத்தனர்.

எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று அது. தேர்தல்தோறும் நல்ல சொற்களைக் கேட்டு, அவற்றின் பயனைக் காணாத ஒரு தலைமுறையின் ஏமாற்றம் அதில் ஒலித்தது. வசைமொழி மார்க்கத்தில் தடுக்கப்பட்டது என்று சுருக்கமாகக் கூறிவிட்டு நான் பாடத்திற்குத் திரும்பினேன். அந்த விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. மாணவர் கேட்டது ஆகுமா ஆகாதா என்பதையன்று. வசை பேசுகிறவன் வாய்மையாளன் ஆவானா என்பதையே அவர் கேட்டார். அதற்குரிய விடையைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

அவையல் கிளவி

தொல்காப்பியர் ‘அவையல் கிளவி’ என்றொரு சொல்வகையைச் சுட்டுகிறார். பலர் கூடிய அவையில் சொல்லத் தகாத சொல் என்பது அதன் பொருள். பின்வந்த நன்னூலார் தகுதி வழக்கு மூன்றனுள் ஒன்றாக இடக்கரடக்கலை வைத்தார். இத்தகைய சொற்கள் மொழியில் இல்லை என்று இவர்கள் பாசாங்கு செய்யவில்லை. அவை உண்டு, ஆனால் அவைக்கு உரியன அல்ல என்றே வகுத்தனர். சொல்லைக் காட்டிலும் சொல்லப்படும் இடத்தின் மதிப்பே அங்கே அளவுகோலாயிற்று.

2023 செப்டம்பர் 21 அன்று நம் நாட்டின் மிகப் பெரிய அவையிலேயே அவையல் கிளவி ஒலித்தது. புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் நடைபெற்ற முதல் கூட்டத்தொடர் அது. சந்திரயான்-3 வெற்றியைப் பற்றிய விவாதத்தில் பாரதீய ஜனதாவின் தென் டெல்லி உறுப்பினர் ரமேஷ் பிதூரி, பகுஜன் சமாஜ் கட்சியின் அம்ரோஹா உறுப்பினர் டேனிஷ் அலியை நோக்கி, அவருடைய மார்க்கத்தைச் சுட்டும் இழிசொற்களை அடுக்கினார். அமைச்சர் ராஜ்நாத் சிங் அவையில் வருத்தம் தெரிவித்தார். சபாநாயகர் எச்சரித்தார். சொற்கள் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டன. அவையில் பேசிய பேச்சுக்காக ஓர் உறுப்பினர்மீது நீதிமன்றத்தில் வழக்குத் தொடர அரசமைப்பின் 105ஆம் பிரிவு இடம் தருவதில்லை. தெருவில் சொன்னால் குற்றமாகும் சொல், அவையில் சொன்னதால் காப்புப் பெற்றது. அந்த மாதமே அவருடைய கட்சி அவருக்கு ராஜஸ்தானின் டோங்க் மாவட்டத் தேர்தல் பொறுப்பை அளித்தது. முஸ்லிம்கள் கணிசமாக வாழும் மாவட்டம் அது. 2024 மக்களவைத் தேர்தலில் அவருக்கு வாய்ப்பு மறுக்கப்பட்டது. எனினும் 2025இல் டெல்லியின் கால்காஜி சட்டமன்றத் தொகுதிக்கு அவரே வேட்பாளரானார். அப்போதும் பிரியங்கா காந்தியைப் பற்றியும் எதிர் வேட்பாளர் ஆதிஷியின் தந்தையைப் பற்றியும் தகாதன பேசினார், தோற்றார்.

இது வடநாட்டு நோய் என்று நாம் ஆறுதல் கொள்ள இயலாது. 2018 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் அருகே விநாயகர் ஊர்வலம் தொடர்பாகக் காவல்துறையினரோடு வாதிட்ட பாரதீய ஜனதாவின் எச். ராஜா, காவலர்களையும் உயர் நீதிமன்றத்தையும் இழிசொல்லால் ஏசினார். 2021 மார்ச்சில் தி.மு.க.வின் ஆ. இராசா, அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமியின் அரசியல் வளர்ச்சியைப் பிறப்போடு ஒப்பிட்டுப் பேசிய பேச்சு, அவருடைய தாயை இழிவுபடுத்தியதாக எழுந்த கண்டனத்தில் முடிந்தது. தேர்தல் ஆணையம் 48 மணி நேரம் அவர் பிரசாரம் செய்யத் தடை விதித்தது. 2023 ஜனவரியில் ஆளுநரை ஏசியதற்காகத் தி.மு.க.விலிருந்து தற்காலிகமாக நீக்கப்பட்ட பேச்சாளர் சிவாஜி கிருஷ்ணமூர்த்தி, ஜூன் மாதத்திற்குள் மீண்டும் மேடையேறி நடிகை குஷ்புவை இழிவாகப் பேசிக் கைதானார். 2025 ஏப்ரலில் அமைச்சர் பொன்முடி, சைவ வைணவச் சமயக்குறிகளைப் பாலியல் தொழில் செய்யும் பெண்ணோடு இணைத்து நகைத்தார். முதலில் கட்சிப் பதவியையும் அம்மாத இறுதியில் அமைச்சர் பதவியையும் இழந்தார்.

பொன்முடியின் பேச்சை நம்மவர் சிலர் ‘நமக்கென்ன’ என்று கடந்து சென்றனர். கடந்து செல்ல நமக்கு உரிமையில்லை. பிறர் வணங்குபவற்றை ஏசாதீர்கள், அது அவர்களை அறியாமையால் அல்லாஹ்வை ஏசத் தூண்டும் என்ற தடை திருக்குர்ஆனின் ஆறாம் அத்தியாயத்தில் நமக்கே இடப்பட்டிருக்கிறது.

எல்லாச் சறுக்கலும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அதே 2025 ஏப்ரலில் நம் காட்பாடியின் துரைமுருகன், மாற்றுத்திறனாளிகளைக் குறித்துப் பழைய இழிவழக்கு ஒன்றைப் பேச்சில் கையாண்டுவிட்டு, அது பிழையென உணர்ந்து வருத்தம் தெரிவித்தார். பழக்கத்தால் நாவில் வந்த சொல் வேறு. கைதட்டலுக்காகத் தேர்ந்தெடுத்து எறியப்படும் சொல் வேறு. நம் ஆய்வு இரண்டாவதைப் பற்றியது.

‘உள்ளதை உள்ளபடி’

இழிமொழி பேசுகிறவர்களின் ஆதரவாளர்கள் கூறும் நியாயம் உலகெங்கும் ஒன்றே. “எங்கள் தலைவர் படித்தவர்களைப்போல் மழுப்புவதில்லை; மக்களைப்போல் பேசுகிறார்” என்பார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டின் ரொட்ரிகோ டுடெர்டே, போப்பாண்டவரின் வருகையால் சாலையில் நெரிசல் ஏற்பட்டது என்பதற்காக 2015இல் அவரையே வசைமொழியால் ஏசினார். கத்தோலிக்கர் பெரும்பான்மையாக உள்ள அந்நாட்டு மக்கள் அடுத்த ஆண்டே அவரைக் குடியரசுத் தலைவராக்கினர். வெளிப்படையான மனிதர் என்பதே அவர் பெற்ற பெயர்.

அறிவுலகிலும் இதற்கு ஒரு துணை கிடைத்தது. வசைச்சொல் மிகுதியாகப் பேசுவோர் நேர்மை மிக்கவர் என்னும் கருத்துப்பட 2017இல் உளவியல் ஆய்வொன்று வெளிவந்தது. செய்தித்தாள்கள் அதை மகிழ்ந்து பரப்பின. மறு ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதை மறுத்தனர். முதல் ஆய்வில் நேர்மையை அளக்கக் கையாண்ட அளவுகோலே தலைகீழாக வாசிக்கப்பட்டது, முறையாக அளந்தால் உறவு எதிர்த்திசையில் தெரிகிறது என்றனர். மறுப்பு அவ்வளவாகப் பரவவில்லை. 2018இல் அமெரிக்கச் சமூகவியலாளர் மூவர் வெளியிட்ட ஆய்வே நம் கேள்விக்கு நெருக்கமானது. தங்களை ஆளும் அமைப்பே தங்களைக் கைவிட்டது என்று எண்ணும் மக்கள், அந்த அமைப்பின் நாகரிகத்தை வெளிப்படையாக மீறுகிறவனை, அவன் பொய் சொல்கிறான் என்று அறிந்தும், தங்களுக்கு உண்மையானவனாகக் காண்கிறார்கள் என்பது அதன் சாரம். என் மாணவரின் தலையசைப்புக்கு இது பாதி விளக்கம். இனிய பேச்சு ஏமாற்றியதால் இழிபேச்சு நம்பிக்கை பெறுகிறது.

இப்போது ஓர் எளிய சோதனை செய்வோம். ஒருவர் சொன்னது அவருடைய உள்ளத்தின் உண்மையான சொல் என்றால், மறுநாள் காலையில் அவர் அச்சொல்லோடு நிற்க வேண்டும். அரபு மொழியில் ‘ஸித்க்’ என்பதன் பொருளே அதுதான்: சொல் நடப்போடும் பொருந்த வேண்டும், சொன்னவனின் உள்ளத்தோடும் பொருந்த வேண்டும். திருமயத்தில் பேசியவர் என்ன செய்தார்? காட்சியில் ஒலிப்பது தம் குரலன்று, திருத்தப்பட்டது என்றார். உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அவமதிப்பு நடவடிக்கை எடுத்தபின் அக்டோபரில் நேரில் வந்து நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டார். ஆ. இராசா முதலில் தம் பேச்சு திரித்துக் கூறப்பட்டது என்றார், பிறகு வருந்தினார். டுடெர்டே 2016 செப்டம்பரில் ஒபாமாவை ஏசிவிட்டு, சந்திப்பு இரத்தானதும் வருத்தம் தெரிவித்தார். அமெரிக்காவின் டிரம்ப் 2018 ஜனவரியில் ஆப்பிரிக்க நாடுகளைக் குறித்து மலச்சொல் ஒன்றைப் பயன்படுத்தினார் என்ற செய்தி வந்தபோது அச்சொல்லைத் தாம் கூறவில்லை என்று மறுத்தார். 2025 டிசம்பரில் அதே செய்தியைக் கூட்டத்தின் முன் தாமே பெருமையோடு சொல்லிக் காட்டினார். இழப்பு வந்தால் மறுப்பு. இலாபம் வந்தால் பெருமை. நம் தோல் மண்டியில் விலைக்கேற்ப நாளொரு பேச்சுப் பேசும் தரகரை யாரும் ‘உள்ளதை உள்ளபடி சொல்பவர்’ என்பதில்லை.

வசைக்கும் ஒரு வரலாறு

நம் இலக்கியப் பாரம்பரியம் இதில் கறையற்றது என்று நான் சொல்ல வரவில்லை. ஹிஜ்ரி முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் பஸ்ராவின் மிர்பத் சந்தையில் ஜரீரும் ஃபரஸ்தக்கும் பல்லாண்டுகள் ஒருவரையொருவர் வசைபாடினர். அக்கவிதைகள் ‘நகாயிள்’ என்ற பெயரில் தொகுக்கப்பட்டன. அவற்றில் நான் மாணவர் முன் வாய்விட்டுப் படிக்கக் கூசும் வரிகள் உண்டு. ஆட்சியாளர்கள் அப்போட்டியை ஊக்குவித்ததும் உண்டு. கூட்டம் இரு கட்சியாகப் பிரிந்து ஆரவாரம் செய்தது. எகிப்திய இலக்கிய வரலாற்றாசிரியர் ஷவ்கீ ளைஃப், பழைய குலப்பகை நகர மக்களின் பொழுதுபோக்காக மாறிய நிலையையே நகாயிளில் காண்கிறார். இன்றைய மேடைக்கும் அன்றைய மிர்பதுக்கும் உள்ள ஒற்றுமை அது. வேற்றுமையும் உண்டு. எதிராளி எடுத்த அதே யாப்பில், அதே எதுகையில், அவர் சொன்ன ஒவ்வொரு கருத்தையும் முறித்துப் பாடினால்தான் அது நகாயிள். குலங்களின் வரலாறும் மொழியின் ஆழமும் அறியாதவர் அங்கே ஒரு நாழிகையும் நிற்க முடியாது. இன்றைய வசைக்கு அத்தகைய கல்வி எதுவும் தேவைப்படவில்லை.

அந்தக் கலைத்திறனும் தீங்கைக் குறைக்கவில்லை என்பது அடுத்த பாடம். அர்ராயீ என்னும் கவிஞர்மீது கொண்ட சினத்தால் ஜரீர் ஓர் இரவில் பாடிய கவிதை, அவருடைய நுமைர் குலம் முழுவதையும் இழித்தது. அதன்பின் அக்குலத்தார் தம் குலப்பெயரைச் சொல்ல நாணி, முன்னோர் பெயரால் தம்மை அறிமுகம் செய்துகொண்டார்கள் என்று இலக்கிய நூல்கள் கூறுகின்றன. ஒருவரை நோக்கிச் சொன்ன சொல் ஒரு குலத்தின்மீது விழுந்தது. டேனிஷ் அலியை நோக்கி எறியப்பட்ட சொல் யார்மீது விழுந்தது என்பதைப் பள்ளிக்கூடத்தில் பயிலும் நம் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும். உடன் பயில்வோர் விளையாட்டாக அச்சொல்லால் அழைக்கும்போது அவைக்குறிப்பிலிருந்து நீக்கியதால் பயனென்ன?

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்து நிகழ்ச்சி ஒன்று இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. ஹுதைஆ என்னும் கவிஞர், ஸிப்ரிகான் பின் பத்ர் அவர்களைக் குறித்துப் பாடிய ஒரு வரி வழக்காக வந்தது. அவர் உண்ணவும் உடுக்கவும் மட்டுமே தகுந்தவர், உயர்ந்த செயல்களை நாடி அலைய வேண்டியதில்லை என்பது அதன் கருத்து. இதில் வசை எதுவும் தென்படவில்லையே, இது வெறும் குறைகூறல்தானே என்று கலீஃபா தயங்கினார்கள். கவிஞர் ஹஸ்ஸான் பின் ஸாபித் (ரலி) அவர்களை அழைத்துக் கேட்டார்கள். வசையினும் கொடியது இது என்று அவர் தீர்ப்புக் கூறவே ஹுதைஆ சிறை வைக்கப்பட்டார். பின்னர் சிறையிலிருந்து தம் சின்னஞ்சிறு பிள்ளைகளை நினைத்து அவர் பாடிய கவிதை கலீஃபாவை அழவைத்தது. மூவாயிரம் திர்ஹம் கொடுத்து முஸ்லிம்களின் மானத்தை அவருடைய நாவிடமிருந்து விலைக்கு வாங்கி விடுவித்தார்கள் என்பது செய்தி.

தமிழிலக்கணம் ‘பழிகரப்பு அங்கதம்’ என்று வகுத்ததற்கு இதைக் காட்டிலும் பொருத்தமான எடுத்துக்காட்டு எளிதில் கிடைக்காது. இதிலிருந்து இரண்டு செய்திகள் பெறலாம். எதிரியை வெட்டிச் சாய்க்க வல்லவனுக்கு இழிசொல் தேவையில்லை என்பது ஒன்று. இழிசொல் இல்லை என்பதாலேயே ஒரு பேச்சு தூயதாகிவிடாது என்பது மற்றொன்று. 2020 ஜனவரியில் டெல்லித் தேர்தல் கூட்டமொன்றில் அமைச்சர் அனுராக் தாக்கூர் துரோகிகளைச் சுட வேண்டும் என்று கூட்டத்தாரை முழங்கச் செய்தார். அது பற்றிய வழக்கை 2022 மார்ச்சில் விசாரித்த டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி, புன்னகையோடு சொல்லப்படுவதில் குற்றநோக்கம் இல்லை என்னும் பொருள்படக் கருத்துரைத்தார். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் சொல்லின் மேற்பரப்போடு நில்லாமல் துறை வல்லாரை அழைத்துக் கேட்டதன் அருமை அப்போது விளங்கியது.

கிழிந்த ஆடையும் ஒரு வேடமே

இனி மாணவரின் கேள்விக்கு நேராக வருவோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் நாவின் கேடுகளை ஆராயும்போது, இழிமொழியாகிய ‘ஃபுஹ்ஷ்’ என்பதற்கு இரண்டு தூண்டுதல்களைக் குறிப்பிடுகிறார்கள். பிறரைப் புண்படுத்தும் நோக்கம் ஒன்று. தீயோரோடு பழகிப் படிந்த வழக்கம் மற்றொன்று. நம் காலத்தில் மூன்றாவது ஒன்றும் சேர்ந்திருக்கிறது: ‘இவர் வேடமில்லாத மனிதர்’ என்று பிறர் எண்ண வேண்டும் என்னும் ஆசை. நாவின் கேடுகள் பற்றிய பகுதியில் இமாம் இதைச் சொல்லவில்லை. ஆனால் அதே பெருநூலில் ‘ரியா’ எனும் முகத்துதியை விளக்கும்போது இதன் வேரைத் தொட்டுவிடுகிறார்கள். பட்டாடையால் மட்டும் மனிதன் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. கலைந்த தலையாலும் ஒட்டுப்போட்ட முரட்டு ஆடையாலும் தாழ்ந்த குரலாலும் தன்னைத் துறவியாகக் காட்டிக்கொள்வதும் முகத்துதியே என்கிறார்கள். மக்கள் பார்க்கிறார்கள் என்பதற்காகக் கிழிந்ததை உடுத்துவதும் வேடந்தான். மக்கள் கேட்கிறார்கள் என்பதற்காகக் கிழிந்த சொல்லைப் பேசுவதும் அவ்வாறே. வீட்டில் தம் பேத்தியிடம் பேசாத மொழியை ஒலிபெருக்கியின் முன் பேசுகிறவர் தம் இயல்பைக் காட்டுகிறார் என்று எப்படி நம்புவது?

நபிமொழி இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. நயவஞ்சகனுக்கு, முனாஃபிக்கிற்கு, நான்கு அடையாளங்கள் சொல்லப்பட்டுள்ளன. நம்பினால் மோசடி செய்வது, பேசினால் பொய்யுரைப்பது, உடன்படிக்கை செய்தால் முறிப்பது ஆகிய மூன்றும் எல்லோருக்கும் நினைவிருக்கும். நான்காவதை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை: வழக்காடினால் வரம்பு உடைப்பது. அங்கே கையாளப்பட்ட ‘ஃபஜர’ என்னும் வினை, இருளைப் பிளந்து வரும் ‘ஃபஜ்ர்’ என்னும் வைகறைக்கும், பாறையைப் பிளந்து பீறிடும் ஊற்றுக்கும் உறவுடைய சொல். அணை உடைந்ததைப்போல் உண்மையின் எல்லையைக் கடந்து பாய்வதையே அது குறிக்கும் என்பர் உரையாசிரியர்கள். கவனியுங்கள்: இன்று வாய்மையின் சான்றாகக் காட்டப்படும் அதே செயல் அங்கே வஞ்சகத்தின் சான்றாக வைக்கப்பட்டுள்ளது. வரம்பு உடைப்பவன் உள்ளத்தைத் திறந்து காட்டுவதில்லை. விவாதத்தில் தன்னிடம் விடை இல்லை என்பதை மறைக்கிறான்.

‘அப்படியானால் கெட்டவனிடம் இனிமையாகப் பேசுவதுதான் வஞ்சகமல்லவா?’ என்று கேட்கலாம். இதே ஐயத்தை அன்னை ஆயிஷா (ரலி) அவர்களே எழுப்பியிருக்கிறார்கள். ஒருவர் அனுமதி கேட்டு வந்தபோது அவர் தம் கூட்டத்தாரில் கெட்டவர் என்று கூறிய நபி (ஸல்) அவர்கள், அவர் உள்ளே வந்ததும் மென்மையாகப் பேசினார்கள். அவர் சென்றபின் அன்னையவர்கள் காரணம் கேட்டார்கள். யாருடைய இழிபேச்சுக்கு அஞ்சி மக்கள் ஒதுங்குகிறார்களோ அவரே மனிதரில் மிகக் கெட்டவர் என்னும் கருத்தில் விடை கிடைத்தது. இந்நிகழ்ச்சியை வைத்தே அறிஞர்கள் ‘முதாரா’, ‘முதாஹனா’ என்று இரண்டைப் பிரித்தனர. உண்மையை விட்டுக்கொடுக்காமல் பேச்சில் மட்டும் மென்மை காட்டுவது முதாரா, அது பண்பு. உலக நலனுக்காக உண்மையையே விட்டுக்கொடுப்பது முதாஹனா, அது இழிவு. நம்மை ஏமாற்றிய தலைவர்களிடம் இருந்தது இரண்டாவது. அவர்களுடைய குற்றம் மென்மையாகப் பேசியதன்று, உண்மையை விற்றது. உண்மையை விற்பவன் வசைபாடிக்கொண்டும் விற்கலாம்.

யாருடைய மொழி?

‘மக்கள் மொழி’ என்னும் வாதத்திற்கு வருவோம். சில தேர்தல்களுக்கு முன் ஆம்பூர்க் கடைத்தெருவில் ஒரு கூட்டம் முடிந்த இரவு. தேநீர்க்கடையில் இளைஞர்கள் பேச்சாளரின் வசைகளைத் திரும்பச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தனர். மூலையில் அமர்ந்திருந்த முதிய தொழிலாளி ஒருவர், சுண்ணாம்புக் குழியில் ஆண்டுக்கணக்கில் நின்று கால் வெடித்தவர், என்னைப் பார்த்துச் சொன்னார்: “இந்தப் பேச்சைத்தான் பாய் முப்பது வருஷமா மேஸ்திரிகிட்ட கேட்டேன். மேடையிலயும் கேக்கணுமா?”

அவர் சொன்னதற்கு மேல் ஆய்வுரை தேவையில்லை. இழிமொழி மக்களுடைய மொழியன்று. மக்கள்மீது எறியப்பட்ட மொழி. தோல் கிடங்கிலும் காலணித் தொழிற்கூடத்திலும் உழைப்பவர்கள் அதைப் பேசிப் பழகியதைக் காட்டிலும் கேட்டுப் பழகியதே மிகுதி. நம் பகுதியின் காலணித் தொழிலில் பெருந்தொகையினர் பெண்கள். விடியற்காலையில் பேருந்துக்கும் வேனுக்கும் காத்து நிற்கும் அவர்களிடம் எந்தச் சொல் தங்களை மிகவும் புண்படுத்தியது என்று கேட்டால், மேடையில் கைதட்டல் பெற்ற அதே சொற்களைத்தான் சொல்வார்கள். மேலே கண்ட நிகழ்ச்சிகளை மீண்டும் பாருங்கள். தாயின் பிறப்பொழுக்கம், பெண்ணின் கற்பு, சமயம், உடற்குறை: வசைக்கான சொற்கள் எல்லாம் இச்சில கிடங்குகளிலிருந்தே எடுக்கப்படுகின்றன. சாதி இன்னொரு கிடங்கு. திட்டப்படுபவர் ஓர் ஆண் அரசியல்வாதியாக இருக்கலாம். காயம்படுவது எப்போதும் கூட்டத்தில் நிற்கும் ஓர் ஏழைப் பெண்.

எளிய மொழி வேறு, இழிமொழி வேறு. காமராசர் மிக எளிய பேச்சுத்தமிழில் பேசினார். அவருடைய அரசியல் எதிரிகளும் அவர் நாவைக் குறைகூறியதில்லை. கண்ணியமிகு காயிதே மில்லத் முஹம்மத் இஸ்மாயில் சாஹிப் அவர்கள், பிரிவினையின் காயம் ஆறாத 1949இல், முஸ்லிம் லீகின் தலைவர் என்பதாலேயே ஐயத்தோடு நோக்கப்பட்ட அரசமைப்பு அவையில் எழுந்து தமிழ்மொழிக்காக வாதாடினார்கள். மென்மையாகப் பேசினார்கள், கொண்ட கருத்தில் ஓர் அங்குலமும் பின்வாங்கவில்லை. முதாரா என்பதற்கு நம் அரசியல் வரலாறு தரும் விளக்கவுரை அது. அரபு மொழியில் சொல்வன்மையைக் குறிக்கும் ‘ஃபஸாஹத்’ என்னும் சொல், நுரை நீங்கித் தெளிந்த பாலைக் குறித்த வழக்கிலிருந்து வந்தது. தெளிவே அதன் உயிர்.

இங்கே ஒரு விலக்கையும் மறவாமல் சொல்ல வேண்டும். தீய சொல்லை உரக்கக் கூறுவதை அல்லாஹ் விரும்புவதில்லை என்னும் நான்காம் அத்தியாயத்தின் வசனம், அநீதி இழைக்கப்பட்டவரை அதிலிருந்து விலக்குகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் காவல்நிலைய வாசலில் மண்ணை வாரித் தூற்றினால் அவளுக்கு நாகரிகம் கற்பிக்கப் புறப்படுவது கல்நெஞ்சர் செயல். ‘பண்பாகப் பேசு’ என்னும் கட்டளை வலியவர்களின் கையில் எளியவர்களின் வாயடைக்கும் பூட்டாகவும் பயன்படுகிறது. ஆகவே சொல்லை மட்டும் பார்த்தால் போதாது. அது எத்திசையில் செல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கீழிருந்து மேல்நோக்கி எழும் அலறலுக்கு வசனம் இடம் தருகிறது. அதிகாரத்தின் உயரத்திலிருந்து கீழ்நோக்கி எறியப்படும் ஏச்சுக்கு அதில் இடமில்லை.

நம் வீட்டுக் கணக்கு

வசையால் நாம் இழப்பது மானம் மட்டுமன்று, நேரமும் இழக்கிறோம். பாலாற்றுப் படுகையில் தோல் கழிவுநீர் விளைத்த கேட்டுக்காக உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. ‘மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்’ என்னும் கோட்பாடு இந்தியச் சட்டத்தில் நிலைபெற்றது நம் ஊர் வழக்கால்தான். ஏறத்தாழ முப்பதாண்டுக்குப்பின், 2025 ஜனவரியில், அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மீண்டும் இழப்பீட்டையும் தூய்மைப்பணியையும் வலியுறுத்தி உத்தரவிட நேர்ந்தது. இடையில் எத்தனை தேர்தல்கள் வந்து போயின! 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மீதான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது ஏற்றுமதியை நம்பிய இப்பகுதி கலங்கியது. இவற்றைப் பற்றிப் பேசப் படிப்பு வேண்டும், கணக்கு வேண்டும், முதலாளிக்கும் உழவருக்கும் தொழிலாளிக்கும் இடையே நியாயம் சொல்லும் துணிவு வேண்டும். வசைக்கு இவை எதுவும் வேண்டா. ஆற்றைப் பற்றிய கேள்விக்கு விடையில்லாதவர் எதிராளியின் தாயைப் பற்றிப் பேசுகிறார். நாமும் கைதட்டிவிட்டு உப்புநீரைக் குடிக்க வீடு திரும்புகிறோம்.

நம்மவர் நாவும் தூயதன்று. உத்தரப் பிரதேசத்தின் ஆஸம் கான் 2019 ஏப்ரலில் வேட்பாளர் ஜெயப்பிரதாவைக் குறித்துக் கூசத்தக்க சொல்லைக் கூறித் தேர்தல் ஆணையத்தின் 72 மணி நேரத் தடைக்கு ஆளானார். அவ்வாண்டு ஜூலையில் மக்களவையின் தலைமை இருக்கையில் இருந்த பெண் உறுப்பினரிடம் முறைதவறிப் பேசி மன்னிப்புக் கேட்டார். அவர் நம்மவர் என்பதால் அன்று நம் பத்திரிகைகள் பல மெல்லிய குரலில் பேசின. பிதூரியைக் கண்டிக்கும் தகுதியில் ஒரு பகுதியை நாம் அப்போதே இழந்தோம். அரசியலை விடுங்கள். கருத்து வேறுபாடு கொண்ட ஆலிம்களை மார்க்க மேடைகளில் நம்மவரே பட்டப்பெயரிட்டு அழைக்கும் ஒலிப்பதிவுகள் எத்தனை! சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மஹல்லாக் கூட்டத்தில் கணக்குக் கேட்ட முதியவரை ஓர் இளைஞர் சொல்லத்தகாத சொல்லால் ஏசினார். கண்டித்தபோது அவர் கூறிய விடை: “நான் மனசுல பட்டதைப் பேசறவன்.” அம்மொழி எங்கிருந்து கற்கப்பட்டது என்பது எனக்குத் தெரிந்தது. அன்று கணக்குக் கேட்கப்படாமலே கூட்டம் கலைந்தது என்பதையும் நான் மறக்கவில்லை.

தோல் பதனிடும் ஊரில் இருந்துகொண்டு பதனிடுதலைப் பற்றிய சட்டத்தைக் கற்பிப்பவன் நான். பதனிடப்பட்ட தோல் தூய்மையாகிறது என்பது நபிமொழியின் அடிப்படையில் அமைந்த விதி. உப்பிட்டு வந்த பச்சைத்தோல் ஊறி, சுண்ணாம்பில் கிடந்து, மயிரும் சதையும் நீங்கி, பட்டைச்சாற்றிலோ இரசாயனத்திலோ பதமாகிய பிறகே மனிதருக்குப் பயன்படுகிறது. பச்சையாக நாறுவதுதான் உண்மையான தோல், பதனிட்டது போலி என்று இவ்வூரில் யாரும் சொல்லக் கேட்டதில்லை. சினமும் வெறுப்பும் எல்லோர் உள்ளத்திலும் பச்சையாகத்தான் பிறக்கின்றன. அதைப் பதப்படுத்தி நியாயமாகவும் கேள்வியாகவும் வெளிக்கொணரும் முயற்சிக்கே ‘அதப்’ என்று பெயர். அரபியில் அச்சொல் ஒழுக்கத்தையும் குறிக்கும், இலக்கியத்தையும் குறிக்கும்.

செய்யத்தக்கது பெரிய செயலன்று. நம் தெருவில் நடக்கும் கூட்டத்தில் ஒருவர் பெண்ணையோ பிறப்பையோ சமயத்தையோ இழித்துப் பேசத் தொடங்கினால், அவர் நம் கட்சிக்காரரே ஆனாலும், கைதட்டாமல் எழுந்து செல்வோம். மறுநாள் அவரிடம் பாலாற்றைப் பற்றிக் கேட்போம். ஜமாஅத்தார் வேட்பாளர்களை வரவேற்கும்போது இதை ஒரு நிபந்தனையாகச் சொல்லலாம். மத்ரஸாக்களில் நயவஞ்சகத்தின் நான்காவது அடையாளத்தையும் முதல் மூன்றைப்போல் மனத்தில் பதியக் கற்பிக்கலாம்.

அடுத்த ஆண்டும் ஹிஜா பாடம் வரும். ஹுதைஆவின் கதையை இனி அந்த வகுப்பின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவதாக இருக்கிறேன். அந்த மாணவர் இப்போது ஆலிமாகிச் சிற்றூர்ப் பள்ளிவாசல் ஒன்றில் இமாமாக இருக்கிறார். வெள்ளிதோறும் மிம்பரில் ஏறுகிறார். அன்று அவருக்கு நான் சொல்லாமல் விட்ட விடை இது. இவ்விதழ் அவர் கைக்கும் சேரும் என நம்புகிறேன்.